இரண்டாம் கரண்டி நெய்

தூதன் வீரணனை நாச்சியப்பர் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு சித்திரை மாத நண்பகலில். அரண்மனை வாசலில் நின்று மூச்சு வாங்கினான்.

"மராமத்துக்காரர்களைப் பார்த்தீர்களா, ஐயா?"

"நேற்றுவரை இங்கேதான் இருந்தார்கள், அப்பா."

சலங்கைக் கோலைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான். வழியில் வெயிலில் விழுந்தவன் எழுந்திருக்கவில்லை.

கார்குடி ராஜ்யத்தில் மராமத்துக்காரர்கள் சிலபேர்தான். ஏரி ஏரியாகப் போய் மதகுகளைப் பழுது பார்ப்பார்கள். ராஜாவின் ஓலை வருவதற்குள் அடுத்த ஏரிக்குப் போயிருப்பார்கள். தூதன் பின்னாலேயே ஓட வேண்டும்.

"வீரணன் தம்பியை அனுப்பலாம்," என்றார் திவான் அனந்தராயர். "அண்ணனைவிட வேகமாக ஓடுவான்."

"விழுவதும் வேகமாக விழுவான்," என்றார் ராஜாவின் ஆலோசகர் நாச்சியப்பர். "மகாராஜா, ஓலை ஆளைத் துரத்த வேண்டாம். ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கட்டும். ஆள் வந்து வாங்கிக்கொள்வான்."

"எங்கே உட்காரும்?"

"சத்திரத்தில். ஊர் சுற்றுகிறவன் எங்கே போனாலும் சாப்பிட அங்கேதான் வருவான். எல்லாச் சத்திரத்துக்கும் ஒவ்வொரு பிரதி, அரிசி வண்டியிலேயே போகட்டும்."

"எல்லாச் சத்திரத்துக்கும் எதற்கு?"

"ஒன்றில் கூரை ஒழுகும். ஒன்றில் ஓலையை வைத்து அடுப்பு மூட்டிவிடுவார்கள்."

திவான் சிரித்தார். "நானே சாமியார் வேஷத்தில் சுற்றுகிறேன். அமாவாசைக்குள் என் கைக்கு உமது ஓலை வரட்டும். வராவிட்டால் வீரணன் கோலை நீர் எடுத்துக்கொண்டு ஓடும்."

ராஜா நாச்சியப்பரின் தொந்தியைப் பார்த்தார். நாச்சியப்பரும் குனிந்து அதையே பார்த்தார்.

"சம்மதம்," என்றார்.

அன்றே வண்டிகளில் ஓலைகள் போயின. திவான் காவி கட்டி, தாடி ஒட்டிக்கொண்டு கிளம்பினார். முதல் சத்திரத்தில், சமையற்காரர் கிணற்றடிக்குப் போன சமயம் பார்த்து, உத்தரத்தில் செருகியிருந்த ஓலையை உருவி அடுப்பில் போட்டார். நன்றாக எரிந்தது. தாடிக்குள் சிரித்துக்கொண்டே அடுத்த சத்திரத்துக்கு நடந்தார். இப்படியே எல்லா ஓலையையும் எரித்துவிடலாம் என்ற சந்தோஷத்தில் நல்ல பசி. பந்தியில் உட்கார்ந்தார்.

பருப்புச் சோற்றில் நெய் விழுந்தது. திவான் இலையை உற்றுப் பார்த்தார்.

"என்னய்யா, நெய்யைக் காட்டிவிட்டுப் போகிறீர்? இன்னொரு கரண்டி ஊற்றும்."

பரிமாறினவர் நின்றார். உள்ளே போனார். நெய்ச் செம்போடு ஓர் ஓலையையும் கொண்டுவந்து கொடுத்தார். பந்தியே பார்த்துக்கொண்டிருந்தது. மறைக்க வழியில்லை.

சபையில் ராஜா அதை உரக்கப் படித்தார்: "திவான் அவர்களுக்கு, வேண்டிய மட்டும் நெய் ஊற்றச் சொல்லியிருக்கிறேன். சாப்பிட்டுவிட்டு மெதுவாக நடந்து வாரும். ஓட வேண்டாம்."

"சாமியார்தான் திவான் என்று பரிமாறினவருக்கு எப்படித் தெரிந்தது?" என்று கேட்டார் ராஜா.

"அவருக்குத் தெரியாது, மகாராஜா. சத்திரத்துச் சாப்பாட்டில் போட்டதைத்தான் எல்லாரும் சாப்பிடுவார்கள். இரண்டாம் கரண்டி நெய்யை அதட்டிக் கேட்கிறவருக்கு ஓலையைக் கொடுக்கச் சொன்னேன். இந்த ராஜ்யத்தில் அப்படிக் கேட்கிறவர்கள் இரண்டே பேர். இன்னொருவர் அந்த நேரம் சிம்மாசனத்தில் இருந்தார்."

ராஜா ஒரு கணம் முறைத்தார். பிறகு கிரீடம் சரியும்வரை சிரித்தார்.

"என்ன வேண்டும், கேளும்."

"வீரணன் தம்பிக்கு உட்கார்ந்து செய்கிற வேலை."

அவனுக்கு அரிசி வண்டி ஓட்டும் வேலை கிடைத்தது. வீரணனின் சலங்கைக் கோல் அரண்மனை வாசலில் ஓர் ஆணியில் தொங்குகிறது.