செங்காந்தள் கேட்டு வந்தவள்

"நான் எப்பம்மா தனியா வைத்தியம் பார்க்கிறது?" என்று கேட்டார் நல்லசிவம்.

கேட்டவருக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. குரு பழனாத்தாள் அவரைவிட இளையவள். துணி வியாபாரத்தை மகனிடம் விட்டுவிட்டு, மலையடிவாரத்தில் இருந்த அவளிடம் மூலிகை கற்க வந்தவர் அவர்.

கல்வத்தில் மருந்து அரைத்துக்கொண்டிருந்த பழனாத்தாள் தலை நிமிரவில்லை.

"செங்காந்தளைச் சொல்லுங்கண்ணா."

"கொடிங்க. இலை நுனி சுருண்டு பக்கத்துச் செடியைப் பிடிச்சுக்கும். ஆறு இதழ். பச்சையா விரிஞ்சு, மஞ்சளாகி, செவந்து முடியும். கிழங்கு கலப்பையாட்டம் இருக்கும்."

"எதுக்கு ஆகும்?"

"மூட்டு வலிக்குப் பத்துப் போடலாம். தேள் கடிக்குப் பூசலாம். பிரசவம் சிக்கலானா அந்தக் காலத்து மருத்துவச்சிங்க உள்ளங்கால்ல தடவுவாங்க. எல்லாம் மேல்பூச்சுதான். உள்ளுக்குப் போனா உயிரை எடுத்துரும்."

"ஒரு சொல் தப்பில்லை."

"அப்புறம் என்னங்கம்மா?"

அவள் மறுபடி அரைக்கத் தொடங்கினாள்.

மறுநாள் பழனாத்தாள் ஒரு நோயாளியைப் பார்க்கப் போயிருந்தாள். தூறலில் ஒரு பெண் வந்து நின்றாள்.

"மாமியாருக்கு முழங்கால் வலிங்க. கண்வலிக் கிழங்கு வேணும்."

செங்காந்தளுக்கு ஊர்ப்பக்கம் அதுதான் பேர். நல்லசிவத்துக்கு முகம் மலர்ந்தது. அவளைக் காட்டுக்குள் அழைத்துப் போனார். புதர்மேல் தீயாய்ப் பூத்திருந்த கொடியைக் காட்டினார். இதழ், இலை நுனி, நிறம் மாறும் விதம், ஒன்றையும் விடாமல் விளக்கினார். கிழங்கைத் தோண்டிக் கையில் கொடுத்தார்.

"வாயில மட்டும் பட்டுரக் கூடாதும்மா."

"தெரியுமுங்க," என்றாள் அவள்.

பழனாத்தாள் திரும்பி வந்ததும் நடந்ததைப் பெருமையாகச் சொன்னார்.

"எந்த முழங்கால்?" என்று கேட்டாள் அவள்.

"கேக்கலீங்க."

"மாமியார் நடமாடுறாங்களா, படுக்கையா?"

"அதையும் கேக்கலீங்க."

"சரி. வந்த பொண்ணைச் சொல்லுங்க."

நல்லசிவம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"சின்ன வயசுதான். சேலை... நெனவில்லீங்க. கால்ல செருப்பில்லை. கண்ணு வீங்கியிருந்துச்சு, தூக்கமில்லைன்னு நெனச்சேன். மழை விட்டதும் போம்மான்னேன். இனி நனைஞ்சா என்னங்கன்னு..."

அந்தச் சொல் அப்போதுதான் அவர் காதில் விழுந்தது. எழுந்துவிட்டார்.

"நீங்க ஓடைப்பக்கம் ஓடுங்க," என்றாள் பழனாத்தாள். அதற்குள் அவளும் வாசலில் இறங்கியிருந்தாள். "நான் ரோட்டுப் பக்கம் பார்க்கிறேன்."

நல்லசிவம் ஓடினார். வேட்டி முள்ளில் கிழிந்தது. இரண்டு இடத்தில் வழுக்கி விழுந்து எழுந்தார்.

ஓடைப் பாறைமேல் அவள் உட்கார்ந்திருந்தாள். சேறு கழுவிய கிழங்கு மடியில் இருந்தது. முழுதாக இருந்தது.

பிடுங்கிவிடலாமா என்று நினைத்தார். பிடுங்கினாலும், காடு நிறைய அது இருக்கிறது. எங்கே இருக்கும், எப்படி இருக்கும் என்று அவரே காட்டிக் கொடுத்திருக்கிறார்.

கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. என்ன பேசுவதென்று தெரியவில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் கிழங்கைப் பற்றித்தான்.

அவள் முகத்தைப் பார்த்தார். இடது புருவத்துக்கு மேல் ஒரு காயம் ஆறாமல் இருந்தது.

"உம் பேரென்ன கண்ணு?"

அவள் கிழங்கை மடியில் புரட்டினாள்.

"கலாமணிங்க."

"கலாமணி, சாப்பிட்டியா?"

இல்லை என்று தலையசைக்கப் போனவள் உடைந்து அழுதாள். மடியிலிருந்த கிழங்கு உருண்டு பாறை இடுக்கில் விழுந்தது. இருவருமே அதைப் பார்க்கவில்லை.