ஒரு நாள் மட்டும் செத்துப்போன அப்பா

காட்டோரக் குளத்தில் ஒரு தவளைப் பையன் ராப் பாடிக்கொண்டிருந்தான். கேட்கத்தான் ஆள் இல்லை.

அவன் பேர் பூந்தி. அப்பா ஆசையாக வைத்த பேர். மேடைக்காக அவனாகவே வைத்துக்கொண்ட பேர் முள்ளு. ஆனால் உடம்பில் ஒரு முள் கிடையாது. குளத்திலேயே அகலமான தாமரை இலையில், நிழலில், வேளா வேளைக்குக் கொசு தின்று வளர்ந்த வழுவழு உடம்பு.

மழைக்காலம் வந்தால் அந்தக் குளத்தில் பாட்டுப் போட்டி நடக்கும். ஜெயித்தவருக்கு மதகுக் குழாய். அதற்குள் உட்கார்ந்து கத்தினால் காடு முழுக்க எதிரொலிக்கும். பூந்திக்கு அந்தக் குழாய் வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

போட்டி முடியும்வரை யாரும் யாரையும் தின்னக் கூடாது. இது குளத்துச் சட்டம். இல்லையென்றால் பாடுவதற்கு யார் மிச்சம் இருப்பார்கள்?

முதல் சுற்றுக்கு முன்னால் பூந்தி, போட்டிக்குப் பேர் கொடுத்திருந்த சில்வண்டுக்குப் பாடிக் காட்டினான்.

"எங்க வீட்டு இலை பெருசு! எங்கப்பா மனசு அதைவிடப் பெருசு!"

சில்வண்டு கொட்டாவி விட்டது. "டேய், இது ராப்பா, தாலாட்டா? ராப்புன்னா வலி வேணும்டா! உன்னைக் கொசுகூடக் கடிச்சதில்ல. நீதான் அதைக் கடிக்கிற!"

பூந்திக்குச் சுருக்கென்றது. வலிக்கு எங்கே போவது? அப்பா சிங்காரம் கை நீட்டியதே இல்லை. அம்மா அல்லி திட்டுவாள்தான். ஆனால் திட்டி முடித்ததும் வாயில் ஈயை ஊட்டிவிடுவாள். இப்படி ஒரு வீட்டில் வளர்ந்தால் ஒருத்தன் எப்படி உருப்படுவது?

"போட்டி நாளைக்குத்தான்" என்று வீட்டில் புளுகிவிட்டு, அக்கரைக்குத் தனியாக நீந்திப் போய் மேடை ஏறினான். கண்ணை மூடினான். வாய் தானாகத் திறந்தது.

"அப்பனைத் தின்னுச்சு பாம்பு!
அன்னிக்கே போச்சு என் வீம்பு!
நீளமுத்து வாயில போச்சு எங்க வீட்டுத் தூணு!
நாதி இல்லாமத் தவிக்கிறேன் நானு!"

நீளமுத்து கோரைப்புல்லுக்குள் குடியிருந்த தண்ணீர்ப்பாம்பு. சிங்காரத்தை அவன் பார்த்ததுகூட இல்லை. ஆனால் பாட்டுக்குள் ஒரு பாம்பு தேவைப்பட்டது. கிட்டத்தில் இருந்தவன் அவன்தான்.

கூட்டம் அலறியது. நாரை அழுதது. முன்வரிசையில் இருந்த கீரி மங்கம்மா மூக்கைச் சிந்தினாள். நடுவர் ஆமை ஓட்டுக்குள் போய் ஒரு மூச்சு அழுதுவிட்டுத் தலையை நீட்டியது.

"தம்பி, நாளைக்கு இறுதிச் சுற்று! இதே பாட்டைப் பாடு!"

விடிந்ததும் வந்தது வினை. அக்கரையிலிருந்து ஒரே ஓலம். சொந்தக்காரத் தவளைகள் எல்லாம் துக்கம் விசாரிக்க நீந்தி வந்துகொண்டிருந்தன. முன்னால் வந்தவர் தாய்மாமன் வீரபுத்திரன்.

"பாவம்! யாருடா செத்தது?" என்று கேட்டார் அப்பா.

"நீங்கதான்ப்பா."

"நானா? எப்போ?"

"நேத்து சாயங்காலம். பாட்டுல."

விஷயத்தைக் கேட்டதும் அம்மாவுக்குக் கண் இன்னும் வெளியே பிதுங்கியது. "பெத்த அப்பனை எதுகைக்காகக் கொன்னியா, படுபாவி!"

"அம்மா, இன்னிக்கு ஒரு நாள்தான்! அப்பா, போட்டி முடியிற வரைக்கும் மட்டும் செத்துருங்கப்பா! அப்புறம் வந்துரலாம்!"

அப்பா யோசித்தார். "மத்தியானச் சாப்பாடு உண்டா?"

"செத்தவங்களுக்கு எதுக்குப்பா சாப்பாடு?"

"அதுவும் சரிதான்" என்று பெருமூச்சு விட்டுவிட்டு, இலைக்கு அடியில் புகுந்துகொண்டார். அவ்வளவுதான் அவர் பேசிய பேரம். மகன் கேட்டு அவர் எதைத்தான் மறுத்தார்?

சொந்தங்கள் வந்து சேர்ந்தன. அம்மா ஆத்திரத்தில் பொங்கிப் பொங்கி அழுதாள். பார்த்தவர்கள் அதைத் துக்கம் என்று நினைத்தார்கள்.

மாமன் தொண்டையைச் செருமினார். "செத்தவரைப் பத்திப் பேசக் கூடாது தங்கச்சி. ஆனா மச்சான் வாயைத் திறந்து பாடினா மீன் செத்து மிதக்கும்!"

இலை ஆடியது.

"என்ன மாப்ளே, காத்தா?"

"காத்துதான் மாமா!" பூந்தி குதித்து இலைமேல் உட்கார்ந்துகொண்டான்.

"கஞ்சனும்கூட. என் கல்யாணத்துக்கு ஒரே ஒரு தட்டான் கொடுத்தார். அதுலயும் றெக்கை இல்லை!"

இலை எகிறியது. அடியிலிருந்து குமிழி குமிழியாக வந்தது. பூந்தி வயிற்றை அழுத்தி உட்கார்ந்தான். செத்தவர் ரொம்பக் கோபமாக இருந்தார்.

சாயங்காலம் எல்லாரும் போட்டிக்குக் கிளம்பினார்கள். "உன் புருஷன் பேர்ல பாடுற பாட்டு! நீ வராம எப்படி?" என்று அம்மாவையும் இழுத்துக்கொண்டு போனார்கள். இலைக்கு அடியில் அப்பா மட்டும் தனியாகக் கிடந்தார்.

மேடைக்குப் பின்னால் கோரைப்புல் மறைவில் பூந்தி தொண்டையைச் சரிசெய்துகொண்டிருந்தான். புல் விலகியது.

"நீதானே முள்ளு?"

நீளமுத்து! அவன் சுருளுக்கு நடுவில் ஒரு தலை மட்டும் தெரிந்தது. அப்பாவின் தலை.

"அண்ணே! அவரை விட்டுருங்கண்ணே! போட்டி நாள்ல யாரையும் தின்னக் கூடாதுண்ணே!"

"உயிரோட இருக்கிறவங்களைத்தான் தின்னக் கூடாது. செத்தவரைத் தின்னக் கூடாதுன்னு சட்டத்துல எங்க இருக்கு?" நீளமுத்து நிதானமாகக் கேட்டான். "தம்பி, நான் இவரை முழுங்கல. ஆனா நேத்துலேருந்து குளமே என்னைக் காறித் துப்புது. மாமியார் வீட்டுல வாசல்படி மிதிக்க விடல. நியாயம் கேக்க உன் வீட்டுக்குப் போனா, இலைக்கு அடியில இவர் கிடக்கிறார். பழியைச் சுமந்தாச்சு. கூலி வேணாமா?"

"நான் கத்துவேன்!"

"கத்து. துக்கம் விசாரிச்சு, அழுது முடிச்சாச்சு. இனிமே யாரு தேடுவா? நீ போய்ப் பாடு. நீ பாடி முடிக்கிறதுக்குள்ள உன் பாட்டு உண்மையாயிடும். உனக்குக் குழாய், எனக்கு விருந்து!"

சுருளுக்குள்ளிருந்து அப்பா மெதுவாகச் சொன்னார்:

"நேரமாச்சு பூந்தி. போய் நல்லாப் பாடுடா."

அந்த நேரத்திலும் அவருக்கு அவன் பாட்டுத்தான் பெரிதாக இருந்தது!

அவன் மேடைக்கு ஓடினான். "முள்ளு! முள்ளு!" என்று கூட்டம் கத்தியது. எதிரே மதகுக் குழாய் பளபளத்தது. ஒரே ஒரு பாட்டு. பாடினால் அது அவனுடையது.

"நிறுத்துங்க!" என்று அலறினான். "எங்கப்பா சாகல! உயிரோட இருக்கார்! கோரைப்புல்லுல பாம்பு பிடிச்சு வெச்சிருக்கு! காப்பாத்துங்க!"

கூட்டத்தில் ஒரே கைதட்டல்!

"ஆஹா! என்ன நடிப்பு!"

"பாவம், துக்கத்துல புள்ளைக்குப் புத்தி பேதலிச்சிருச்சு" என்று மாமன் கண்ணைத் துடைத்தார்.

"மெய்யா சொல்றேன்! நான் அனாதை இல்ல! என் பேர் முள்ளு இல்ல, பூந்தி! அம்மா அதோ நிக்கிறாங்க, கேளுங்க!"

அம்மா பதறிக்கொண்டு என்னவோ கத்தினாள். கைதட்டலில் அது யார் காதிலும் விழவில்லை.

உண்மையைச் சொன்னால் நம்பமாட்டேன் என்கிறார்களே! பூந்தி யோசித்தான். பொய்யன் எவனும் சொல்லத் துணியாத ஒன்றைத்தான் சொல்ல வேண்டும். ஜென்மத்துக்கும் மானம் போகிற மாதிரி ஒன்று.

"இடி இடிச்சா நான் எங்கப்பா வயித்துக்கு அடியிலதான் ஒளிவேன்! போன வாரம்கூட ஒளிஞ்சேன்! பயத்துல அவர் மேலயே ஒண்ணுக்குப் போயிட்டேன்!"

கூட்டம் குபீரென்று சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் கோரைப்புல்லிலிருந்து ஒரு குரல் கேட்டது. மகன் எதைச் சொன்னாலும் கூட ஒரு வார்த்தை சேர்க்காமல் இருக்க முடியாத குரல்.

"போன வாரம் இல்லடா, முந்தாநேத்து!"

"ஐயோ! மச்சான் குரல்!" மாமன் மல்லாக்க விழுந்தார்.

கீரி மங்கம்மா ஒரே பாய்ச்சலில் புல்லுக்குள் இருந்தாள். "போட்டி நாள்ல உயிரோட இருக்கிறவரைத் தொட்டியா, நாயே!"

"செத்தவர்னு சொன்னாங்கக்கா!" என்று கத்திக்கொண்டே நீளமுத்து சுருளை அவிழ்த்துப் போட்டு ஓடினான். அப்பா உடம்பெல்லாம் வரி வரியாக வெளியே வந்து விழுந்தார்.

கூட்டத்தின் சிரிப்பு நின்றுவிட்டது.

"எங்க கண்ணீரைத் திருடிட்டியேடா!" என்றது நாரை. மாமன் எழுந்து, யாரையும் பார்க்காமல் நீந்திப் போய்விட்டார். நடுவர் ஆமை குழாயைச் சில்வண்டுக்குக் கொடுத்தது. அம்மா பூந்தியின் முதுகில் ஒன்று வைத்தாள். அப்புறம் இரண்டு பேரும் அப்பாவைத் தாங்கிப் பிடித்து வீட்டுக்கு அழைத்துப் போனார்கள்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. பாம்பு இறுக்கியதில் அப்பாவுக்கு விலா கன்றிப்போய்க் காய்ச்சல் கண்டது. கண்ணைத் திறக்கவே இல்லை. பூந்தி இலை இலையாகப் போய்க் கூப்பிட்டான்.

"எங்கப்பாவுக்கு ரொம்ப முடியல. யாராவது வாங்களேன்!"

"இது எந்தப் பாட்டுக்குடா?" என்று கேட்டுவிட்டு எல்லாரும் தண்ணீருக்குள் முங்கிவிட்டார்கள்.

யாரும் வரவில்லை. கொட்டுகிற மழையில் பூந்தி கொசு பிடித்து வந்து, மென்று, அப்பாவின் வாயில் ஊட்டினான். அவர் பிழைத்து எழுந்தபோது மழைக்காலமே முடிந்திருந்தது.

கைதட்டலுக்காக இல்லாத சோகத்தைக் கூவி அழைத்தால், அது விலாசம் விசாரித்துக்கொண்டு நிஜமாகவே வீட்டுக்கு வந்துவிடும்.