பாயின் கண்ணாடி

டெல்பினா அந்த ஸ்டிக்கர் சுருளை மணலில் வீசி எறிந்தாள். அது உருண்டு போய் மிஸ்ஸின் காலடியில் நின்றது.

செலஸ்டின் மிஸ் பயிற்சிப் படகின் மோட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். டெல்பினாவைவிட நாலு வயதுதான் மூத்தவள். பாய் கட்டிய பலகையில் ஏறி நிற்கவும் காற்றைப் பிடித்துக் கடலில் ஓடவும் கற்றுக்கொடுத்தவள். அதனால் மிஸ்.

"மிஸ், ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"ஒரு மனுஷி எதுவரைக்கும் வளைஞ்சு குடுக்கணும்?"

"யாருக்கு?"

"எல்லாருக்கும்தான்! போட்டிக்குப் பணம் கேட்டுப் போனா உரக்கடைக்காரரு, 'கிரிக்கெட்டுன்னா வாம்மா'ங்காரு. நகைக்கடையில, 'பலகையில நின்னு மீன் பிடிப்பியா'ன்னு கேட்டுச் சிரிக்கானுவ. ஒரு மேனேஜரு, மூணு வயசுப் பிள்ளைய விட்டுட்டுக் கடலுக்குப் போறியே, நீயெல்லாம் தாயாங்காரு. காபி வாங்கிக் குடுத்துட்டுக் கேக்காரு மிஸ்! அந்தக் காபிய அவரு மேல ஊத்தாம வந்தேன் பாருங்க, அதுக்கே ஒரு மெடல் குடுக்கணும்."

மிஸ் சிரித்துவிட்டாள். டெல்பினா சிரிக்கவில்லை.

அடுத்த மாதம் வெளிநாட்டில் ஒலிம்பிக் தகுதிப் போட்டி. அவளுக்கும் மிஸ்ஸுக்கும் இரண்டு விமான டிக்கெட் வேண்டும். பலகையும் பாயும் போய்ச் சேரத் தனிக் கட்டணம். தூத்துக்குடியில் பதினோரு பேர் கையை விரித்த பிறகு பன்னிரண்டாவது ஆள் சரி என்றிருந்தார். பூஞ்சுனை தண்ணீர்த் தொட்டி கம்பெனி முதலாளி செண்பகராமன்.

"அதான் ஒருத்தரு சரின்னுட்டாரே. பிறகென்ன கோபம்?"

"அவரு கம்பெனி பேரைப் பாயில ஒட்டணுமாம்."

"ஒட்டு."

"கண்ணாடியில ஒட்டணுமாம்."

மிஸ்ஸின் கை ஒரு கணம் நின்றது.

பலகையில் நிற்பவள் காற்று வரும் பக்கம் நிற்பாள். பாய் அவளுக்கு மறுபுறம் சுவர்போல எழும்பி நிற்கும். அந்தச் சுவரின் நடுவே கண்ணாடி மாதிரி ஒரு பகுதி உண்டு. அந்தப் பக்கம் மீன்பிடி வல்லம் வருகிறதா, பாறை கிடக்கிறதா என்று அதன் வழியாகத்தான் பார்க்க வேண்டும்.

"மேல ஒட்டுதேன்னு கெஞ்சினேன் மிஸ். 'மேல யாரு அண்ணாந்து பாப்பா? கண்ணாடிதான் போட்டோவுல எடுப்பா இருக்கும்'ங்காரு."

"நீ என்ன சொன்னே?"

"சரின்னேன். வேற என்ன சொல்ல? பன்னிரண்டாவது ஆளு! சொல்லுங்க, ஒட்டவா, வேண்டாமா?"

மிஸ் மோட்டாரை மூடினாள்.

"ஒட்டு. நாளைக்குப் படம் எடுக்க அவரையும் வரச்சொல்லு."

மறுநாள் காலை செண்பகராமன் வந்தார். வெள்ளைச் சட்டை, அதன் மேல் மிஸ் மாட்டிவிட்ட லைஃப் ஜாக்கெட், புதுக் கூலிங் கிளாஸ். படகில் ஏறி உட்கார்ந்து செல்போனை உயர்த்திப் பிடித்தார்.

"எம்மா, நேரா என்னையப் பாத்து வா. பேரு பெருசாயிட்டே வரணும், சினிமா டைட்டில் மாதிரி. என்ன?"

டெல்பினா மிஸ்ஸைப் பார்த்தாள். இப்போதாவது ஏதாவது சொல்வாள் என்று பார்த்தாள். மிஸ் படகைத் தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டிருந்தாள்.

அந்தக் கோபத்திலேயே டெல்பினா பலகையில் கிளம்பினாள். முதுகுப் பக்கம் காற்று பலமாக இருந்தது. கைப்பிடிக் கம்பியை முழு மூச்சாக இழுத்தாள். பலகை பறந்தது. சிவப்பு எழுத்துகள் அவள் பக்கத்திலிருந்து இடம் வலம் மாறித் தெரிந்தன. முதலில் படகு கண்ணில் பட்டது. பிறகு ஓர் எழுத்துக்குப் பின்னால் போனது. பிறகு காணவே காணோம். குனிந்து பார்த்தாள், எட்டிப் பார்த்தாள். சிவப்புதான்.

"ஏய்! நிறுத்து! கண்ணு தெரியலியா, நிறுத்துடி!"

செண்பகராமனின் குரல் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. கம்பியை விட்டாள். மோட்டார் உறுமியது, மிஸ் படகை விலக்கினாள். பாய் தண்ணீரை அறைந்து விழுந்தது, அவளும் விழுந்தாள்.

தலையைத் தூக்கியபோது படகு ஒரு முழம் தள்ளி நின்றது. செண்பகராமன் படகின் அடித்தட்டில் குந்தியிருந்தார். கூலிங் கிளாஸ் கடலுக்குள் போயிருந்தது.

மிஸ் மரியாதையாகத்தான் கேட்டாள். "பேரு எடுப்பாத் தெரிஞ்சுதா, முதலாளி?"

கரைக்குத் திரும்பினார்கள். மணலில் கால் பட்டதும் டெல்பினா சீறினாள்.

"தெரிஞ்சேதான செஞ்சீங்க? எனக்கு ஏதாவது ஆயிருந்தா எம் பிள்ளைய யாரு பாப்பா? அந்த மனுஷன் செத்திருந்தா? 'ஒட்டாத'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா!"

"நேத்து சொல்லியிருந்தா கேட்டிருப்பியா?"

"கேட்டிருக்க மாட்டேன்!"

கத்திய பிறகுதான் என்ன கத்தினோம் என்பது அவளுக்கே உறைத்தது.

செண்பகராமன் காருக்குப் பக்கத்தில் நின்று வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தார். அங்கிருந்தே கையை ஆட்டினார்.

"எம்மா, அந்தக் கண்ணாடியில இருக்கத முதல்ல கிழிச்சிப் போடு. மேல ஒட்டு, முதுகுல ஒட்டு, எங்க வேணா ஒட்டு. ஆனா பாதிதான் தருவேன். வியாபாரம் வியாபாரம்தான். உயிர் போவப் பாத்துதே, அதையும் நான் கழிக்கணும்லா. சம்மதம்னா சாயங்காலத்துக்குள்ள போன் போடு."

கார் கதவு படாரென்று மூடிக்கொண்டது.

டெல்பினா பாயின் மேல் உட்கார்ந்தாள். பாதி என்றால் பலகைக்குக் கட்டணம், ஒரே ஒரு டிக்கெட்.

"நீங்க வர முடியாது மிஸ்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா செஞ்சீங்க?" மறுபடியும் கோபம் ஏறியது. "எதுக்கு நான் அந்த ஆளு சொன்னதுக்கெல்லாம் தலையாட்டினேன்? நீங்களும் வரணும்னுதான! கண்ணாடி மறைஞ்சா என்ன, மிஸ் படகுல வருவாங்க, கத்திச் சொல்லுவாங்கன்னு நெனச்சேன். எட்டு வருஷமா உங்க சத்தத்த வச்சித்தான் நான் கடல்ல போறேன். நீங்க இல்லாம அங்க போயி நான் என்னத்தப் பாக்க?"

மிஸ் அவள் எதிரே மணலில் உட்கார்ந்தாள்.

"இன்னைக்கும் கத்தினேன், டெல்பினா. அந்த மனுஷன் கத்துறதுக்கு முன்னாடியே, மூணு தடவை, உன் பேரைச் சொல்லி. காத்து உன் பக்கமிருந்து அடிச்சுது, என் சத்தம் உன்கிட்ட வந்து சேரல."

டெல்பினா கண்ணாடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்துக் கிளப்ப ஆரம்பித்தாள்.