குவாரி முதலாளியின் சாட்சி

"தேவசித்தம்னு மட்டும் சொல்லு. வேற வார்த்தை வந்துச்சு, பிரசங்கியாராவும் ஆகமாட்டே, குவாரியிலே வேலையும் இருக்காது" என்று ஆசேரின் காதைக் கடித்தார் ஜெயசிங்.

குவாரி முதலாளி அவர்தான். அந்த மெதடிஸ்ட் சபையில் ஆட்களைப் பொறுக்கிப் பிரசங்கம் பழக்குகிறவரும் அவரேதான். பாறை சரிந்து செத்த ரூபனின் சவப்பெட்டி மேடைக்கு முன்னால் கிடந்தது. முகம் சிதைந்துபோனதால் யாரும் மூடியைத் திறக்கவில்லை. மனைவி சாலொமி மூடியைத் தடவிக்கொண்டிருந்தாள். கல் உடைக்கிற ஆசேருக்கு இதுதான் பரீட்சைப் பிரசங்கம்.

மேடையேறினான்.

"இது தேவசித்தம்னு சொல்லச் சொல்லி ஐயா உத்தரவு. ஆனா சாட்சி இல்லாம எதையும் பிரசங்கிக்காதேன்னு வகுப்பிலே படிச்சுக்கொடுத்ததும் ஐயாதான். பாறை ஆடுதுன்னு ரூபன் கெஞ்சினான். 'போய் வேலையைப் பாருடா'ன்னு ஐயா விரட்டினாரு. அந்த நேரம் கர்த்தர் ஐயாகிட்ட என்ன சொன்னாருன்னு எனக்கெப்படித் தெரியும்? எந்திரிச்சு நீங்களே சாட்சி சொல்லுங்கய்யா."

சபை மொத்தமும் திரும்பியது.

"சொல்லுங்க மொதலாளி" என்றாள் சாலொமி.

ஜெயசிங் எழுந்தார். சபையைப் பார்த்துக் கத்தினார்: "எல்லாரும் கண்ணை மூடுங்க! டேய், ஜெபம் பண்ணி முடிடா!"

பழக்கதோஷத்தில் சிலர் கண்ணை மூடினார்கள். ஆசேர் மூடவில்லை.