திருமுகத்தைச் சுற்றிய மை

திருமாஞ்சோலைக் கோயிலில் விளக்குக் கரியைச் சேர்த்து, வேப்பம்பிசின் விட்டு அரைத்து, சுவரோவியம் எழுதுவோருக்கு மை கூட்டிக் கொடுப்பது நல்லாண்டாரின் தொழில். அம்மிக்குழவி நகரும் ஒவ்வொரு முறையும் வாயில் ஐந்தெழுத்து இருக்கும். “கரிச்சட்டி வருது, வெள்ளை வேட்டியெல்லாம் ஒதுங்குங்க!” என்று ஓவியர்கள் கேலி செய்வார்கள். அவரும் சிரித்துக்கொண்டே ஒதுங்கிப் போவார்.

அந்த ஆண்டு அவர் மனைவி சடைச்சியாருக்குக் கண் மங்கிக்கொண்டே வந்தது. மண்டபச் சுவரில் எழுதப்படும் ஆடும் பெருமானை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பதே அந்த அம்மையின் தவிப்பு. ஓவியத்தில் கண் திறப்பது மட்டும் பாக்கி என்றிருந்த நாளில், அவரைக் கைப்பிடித்து வாசலுக்கு அழைத்து வந்தார் நல்லாண்டார்.

“சாமி எங்கங்க? எல்லாம் ஒரே பளபளப்பால்ல இருக்கு!”

அடியார் நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். அரசர் பொன்னை வாரிக் கொடுத்திருந்தார். தேவர் முதல் பூதகணம் வரை எல்லாருக்கும் பொன்தகடு. இறைவன் திருமுகத்தைச் சுற்றியும் பொன். நல்ல கண்ணுக்கே அந்தக் கூட்டத்தில் பெருமான் அகப்படவில்லை. தலைமை ஓவியர் பூவணத்தாரிடம் ஓடினார்.

“ஐயா, முகத்தைச் சுத்தி மட்டும் கொஞ்சம் இருட்டு வைக்கணும்.”

“மங்கலச் சுவத்துல கரியா? மை அரைக்கிறவன் அரைக்கிற வேலையைப் பாரு.”

மறுநாள் மாலை கண் திறப்பு. அதன்பின் சுவரில் தூரிகை வைக்கக் கூடாது என்பது முறை. உத்தரவின்றித் தொட்டவனுக்குக் கை போகும். நல்லாண்டாருக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த திருப்பணிவரை அவள் கண் காத்திருக்குமா? இந்தக் கேள்வி அவரை அரித்தெடுத்தது.

கண் திறப்பு நாளின் உச்சிவேளை. ஓவியர்கள் பந்திக்குப் போனதும், மைக்கிண்ணத்தோடு சாரத்தில் ஏறினார். நாமாயிருந்தால் முதல் படியிலேயே திரும்பியிருப்போம். “பிழையானால் கையை எடுத்துக்கொள், அவளுக்கு உன் முகத்தைக் கொடு” என்று வேண்டி, பொன்னின்மேல் மையைப் பூசினார். திருமுகத்தைச் சுற்றிக் கருமை வளைந்து முடிவதற்கும் வாசலில் காலடி கேட்பதற்கும் சரியாக இருந்தது. அரசரும் பூவணத்தாரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

“கெடுத்துட்டானே பாவி! அவனைப் பிடிங்க!”

காவலர் அவரைக் கீழே இழுத்துப் போட்டார்கள். பூவணத்தார் ஈரத்துணியோடு சாரத்தில் கால் வைத்தார். அப்போது கருவறையிலிருந்து ஒரு குரல் எழுந்தது.

“துடைக்காதே. உங்கள் பொன்னுக்குள் யாம் காணாமல் போயிருந்தோம். நல்லாண்டான் மை பூசி எம்மைக் கண்டெடுத்தான்.”

அரசர் நிமிர்ந்து பார்த்தார். இத்தனை உருவங்களைத் தாண்டி அவர் பார்வை நேரே அந்தத் திருமுகத்தில் போய் நின்றது. கைகூப்பினார். காவலர் பிடி தளர்ந்தது. அடியாரோ எழுந்தோடி, மனைவியை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்.

சடைச்சியார் தேடவே இல்லை.

“அதோ இருக்காரு! சிரிக்கிறாருங்க... கன்னத்துல குழி விழுது, பாத்தீங்களா?”

பூவணத்தாரின் கையிலிருந்த துணி நழுவி விழுந்தது. அந்தக் குழியை எழுதிய அவருக்கே அது இப்போதுதான் கண்ணில் பட்டது. ஒரு கன்னக்குழிக்காகத் தம் கையைப் பணயம் வைத்த நல்லாண்டாரின் அன்பு பெரிது. அவர் திருவடி நம் தலைமேலது.