சிவப்பு விளக்கு எரிந்த மூன்று நாட்கள்

மேகம் வாசல் வரைக்கும் வந்துபோகும் ஒரு மலைச்சரிவில் மெய்யம்மையின் தியானக் குடில் இருந்தது. மெய்யம்மைக்கு நாற்பது வயது. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த சபேசனுக்கு அறுபத்திரண்டு. கல்லூரி முதல்வராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் மணிச் சத்தத்துக்கே எழுந்து, மணிச் சத்தத்துக்கே உட்கார்ந்து சலித்துப்போனவர்.

“மனசு எப்பம்மா அடங்கும்?” என்று வந்த அன்றே கேட்டார்.

மெய்யம்மை அவரைக் குடிலின் பின்புறம் அழைத்துப்போனார். அங்கே கழிவுநீர்த் தொட்டி இருந்தது. தொட்டியில் தண்ணீர் ஏறினால் மிதவை மேலே வரும், மோட்டார் ஓடும், கழிவுநீர் மேட்டு நிலத்துக்குப் போய் மண்ணில் ஊறும். மோட்டார் ஓடாமல் போனால் சுவரிலிருந்த பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்து அலாரம் அடிக்கும்.

“இனி இதை நீங்க பாத்துக்கணும். அடிச்சா உடனே மெக்கானிக் ரசாக்கைக் கூப்பிடுங்க.”

கேட்டதற்கு இதுவா பதில்? சபேசனுக்கு முகம் சுருங்கிவிட்டது. தலையை மட்டும் ஆட்டினார்.

மார்கழியில் மெய்யம்மை ஒரு வேலையாக வெளியூர் போனார். மறுநாள் விடியலில் சபேசன் கண்மூடி உட்கார்ந்திருந்தார். ஜன்னல் வழியே பனி வந்து முழங்காலைத் தொட்டது. உடம்பு மெல்ல மெல்லக் கரைவதுபோல் இருந்தது. எங்கோ ஒரு சில்வண்டு கத்தியது. கத்திக்கொண்டே இருந்தது. வெகுநேரம் கழித்துத்தான் அது வண்டு இல்லை என்று புரிந்தது.

எழுந்து போனார். பெட்டியில் சத்தத்தை நிறுத்த ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினார். விளக்கு மட்டும் பனிக்குள் பழம்போலச் சிவந்து, அசையாமல் நின்றது. பார்க்க அழகாகக்கூட இருந்தது. ரசாக்கை அப்புறம் கூப்பிடலாம் என்று திரும்பிவந்து உட்கார்ந்தார்.

அந்த ‘அப்புறம்’ வரவே இல்லை. பசி தெரியவில்லை. கிழமை மறந்தது. மேகத்தில் யாரோ தன்னைப் படுக்கவைத்து இழுத்துப்போவதுபோல் மூன்று நாட்கள் போயின.

நான்காம் நாள் காலை மெய்யம்மை திரும்பினார். சபேசன் வாசலுக்கே ஓடினார்.

“அடங்கிடுச்சும்மா! மூணு நாளா உள்ளே ஒரு சத்தம் இல்ல.”

“அலாரம்?”

“அடிச்சுது. நிறுத்திட்டேன்.”

மெய்யம்மை தோள்பையை இறக்கக்கூட இல்லை. நேரே பின்புறம் நடந்தார். சரியாக மூடாத ஒரு குழாய் மூன்று நாளும் ஒழுகியதில் தொட்டி வழிந்து, கறுப்பாக ஒரு கோடு புல்லுக்குள் இறங்கிப் போயிருந்தது. கீழே இருந்த ஒன்பது வீட்டுக்கும் அந்தச் சரிவின் ஊற்றுதான் குடிதண்ணீர்.

“ஊத்துக்கு ஓடுங்க. யாரையும் தண்ணி எடுக்க விடாதீங்க. நான் ரசாக்கைக் கூப்பிடறேன்.”

சபேசன் விழுந்து எழுந்து ஓடினார். ஊற்றருகே வெள்ளச்சி என்ற பெண் நிறைகுடத்தை இடுப்பில் தூக்கியிருந்தாள்.

“அதைக் கொட்டிடும்மா! எங்க தொட்டி வழிஞ்சிருச்சு.”

“அன்னிக்கு மேல ஏதோ கீச்சுன்னு கத்துச்சே, அதுக்குத்தானா சாமி?”

“ஆமா.”

“அப்புறம் நின்னுபோச்சே?”

பனிக்குள் எங்காவது ஒளிந்துகொள்ள முடியுமா என்று சபேசன் பார்த்தார்.

“நான்தான் நிறுத்தினேன்.”

அவள் குடத்தைச் சாய்த்தாள். கடைசிச் சொட்டுவரை கொட்டினாள்.

“கைப்புள்ளைக்குக் கஞ்சி காய்ச்ச எடுத்தேன் சாமி” என்றாள். வெறுங்குடத்தோடு வீட்டுக்கு நடந்தாள்.

கறுப்புக் கோடு ஊற்றுக்குப் பத்தடி மேலே நின்றிருந்தது.

ரசாக் வந்தார். தொட்டிக்குள் யாரும் இறங்கவில்லை. விஷக்காற்று இருக்கும் இடம் அது. வெளியே நின்றபடியே சங்கிலியால் மோட்டாரை மேலே தூக்கினார். மிதவையில் ஒரு துணிக்கந்தல் சுற்றிக்கிடந்தது. அவர் அதை அறுத்து எடுக்க, சபேசன் குழாயைப் பிடித்துக் கழுவிவிட்டார்.

தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை சரிவின் மறுபக்கக் கிணற்றிலிருந்து ஒன்பது வீட்டுக்கும் சபேசன் குடம் சுமந்தார். பனிக்குள் வீடுகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. முதலில் ஒரு கூரை, பிறகு ஒரு கதவு, பிறகு ஒரு பிள்ளை அழும் சத்தம். வெள்ளச்சி வீட்டில் குடத்தை இறக்கும்போதெல்லாம் பிள்ளைக்கு உடம்பு எப்படி என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்று அவள் சொன்ன பிறகே நகர்ந்தார்.

எட்டாம் நாள் முடிவு வந்தது. ஊற்று கெடவில்லை.

சபேசன் மெய்யம்மையின் முன்னால் போய் நின்றார்.

“தொட்டியப் பாத்துக்கற வேலைய வேற யாருக்காவது குடுத்துடுங்கம்மா. எனக்குத் தகுதி இல்ல.”

மெய்யம்மை நிமிர்ந்து பார்த்தார்.

“இனிமே அலாரம் அடிச்சா யார் எந்திரிச்சு வருவாங்கன்னு கீழ் வீடுகள்ல கேட்டாங்க. உங்க பேரைச் சொல்லிட்டேன்.”