தம்புராவுக்கு வைத்த சந்தனம்

செங்கமலம் தம்புராவைத் தோளில் சாய்த்துத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரை வீட்டுக்கு வந்தபோது வெயில் ஏறிவிட்டது. குரு மரகதம் வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சிஷ்யையைவிடக் குரு பத்து வயதாவது இளையவள். அதனால் செங்கமலம் அவளை "டீச்சரம்மா" என்பாள். அவள் செங்கமலத்தை "அக்கா" என்பாள்.

"டீச்சரம்மா, இதுவும் என்னைக் கைவிட்டுட்டுது."

"முதல்ல உட்காருங்கக்கா. மூச்சு வாங்குது பாருங்க."

"எங்கே உட்கார? முந்தாநாள் வரைக்கும் நல்லா இருந்துச்சு. இப்போ பேசவே மாட்டேங்குது."

மரகதம் கீரையை ஒதுக்கி வைத்து, அவளைப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

செங்கமலத்தின் ஒரே மகள் காய்ச்சலில் போனவள். பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது செங்கமலம் வேண்டாத சாமி இல்லை. காரியம் முடிந்த மறுநாள் சாமி படங்களையெல்லாம் பழைய வேட்டியில் சுற்றிப் பரணில் போட்டாள். சாமி அறை காலியாகக் கிடந்தது.

பிறகு ஒருநாள், ஆற்றில் துவைத்துவிட்டுத் திரும்பும்போது, இந்த வீட்டுக்குள்ளிருந்து தம்புரா கேட்டது. பாட்டுகூட இல்லை, வெறும் சுருதிதான். ஈரத்துணி தோளில் சொட்டச் சொட்ட நின்றாள். பிள்ளை போன பிறகு அவளுக்கு அழுகை வந்தது அன்றைக்குத்தான். மறுநாளே பாட்டுக் கற்றுக்கொள்ள வந்துவிட்டாள். வீட்டில் சாதகம் செய்ய மரகதம் ஒரு பழைய தம்புராவைக் கொடுத்தாள்.

அந்தத் தம்புரா நேரே சாமி அறைக்குப் போயிற்று. குளிக்காமல் அதைத் தொடமாட்டாள். தினமும் மல்லிகைச் சரம், சாம்பிராணி, வெள்ளிக்கிழமையானால் சந்தனம் குங்குமம்.

"எங்கம்மா இருந்தப்போ அவளுக்கு இதுல பாதி மரியாதை கொடுத்திருக்கலாம்" என்பார் புருஷன்.

பக்கத்து வீட்டுக்காரி, "சாமியைப் பரண்ல ஏத்திட்டுப் பலாக்கட்டைக்குப் பூ வைக்கிறா" என்று தெருவெல்லாம் சொன்னாள். செங்கமலம் காதில் வாங்கவில்லை. கேட்பதற்கு அவளுக்கு வேறு சத்தம் இருந்தது.

இப்போது அதுவும் போய்விட்டது.

மரகதம் உறையைக் கழற்றித் தந்தியை மீட்டினாள். நனைந்த பாயைத் தட்டினாற்போல் மந்தமாக ஒரு ஒலி வந்து, வந்த இடத்திலேயே செத்தது.

"கேட்டீங்களா? ஒருநாள் பூ தவறினதில்லை. சாமிக்கும் இப்படித்தான் எல்லாம் ஒழுங்காச் செஞ்சேன். அதுவும் போச்சு, இதுவும் போச்சு. என் கையிலதான் ஏதோ தோஷம்."

மரகதம் குனிந்து பார்த்தாள். தம்புராவின் குடத்தின்மேல் தந்திகளைத் தாங்கும் சின்னக் கட்டைக்குக் குதிரை என்று பேர். அங்கே ஒவ்வொரு தந்திக்கும் அடியில் ஒரு துண்டு நூல் இருக்கும். தந்தி அதில் பட்டும் படாமலும் அதிர்ந்தால்தான் தம்புரா பேசும். அந்த நூல்கள் சந்தனத்தில் ஊறிக் காய்ந்து, குதிரையோடு கட்டியாக ஒட்டிக் கிடந்தன.

"இங்கே யாரு சந்தனம் வெச்சது?"

"நான்தான். அங்கேருந்துதானே சத்தம் வருது? அதுக்கு வைக்காம எதுக்கு வைப்பாங்க?"

மரகதத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வாயிலேயே அப்பிட்டீங்களேக்கா. அப்புறம் எப்படிப் பேசும்?"

வாடிய சரத்தை எடுத்துக் கீரைக் காம்புகளோடு போட்டாள். உலர்ந்த துணியால் குதிரையைத் துடைத்தாள். ஊசிமுனையால் பழைய நூல்களைக் கிளப்பி எடுத்தாள்.

"பருத்தி நூல் வேணும்."

மடியில் கிடந்த உறையின் ஓரத்தில் ஒரு நூல் பிரிந்து தொங்கியது. கையை நீட்டினாள்.

"அது வேண்டாம்" என்றாள் செங்கமலம். "அந்த உறை என் பிள்ளை பாவாடையில தெச்சது."

நீட்டிய கை நின்றது. "சரிக்கா. உள்ளே நூல்கண்டு இருக்கு, எடுத்துட்டு வரேன்."

அவள் எழுந்து வாசற்படியைத் தாண்டப்போகையில், "டீச்சரம்மா" என்று குரல் வந்தது. திரும்பினாள். செங்கமலமே நூலை உருவிப் பிடித்திருந்தாள். நீலம் வெளுத்த நீளமான நூல்.

மரகதம் அதை வாங்கி நான்காகக் கத்தரித்தாள். தந்திகளுக்கு அடியில் ஒவ்வொன்றாக நுழைத்தாள். மீட்டினாள். மந்தம். நூலை மயிரிழை தள்ளினாள். மீட்டினாள். இன்னும் ஒரு மயிரிழை.

திறந்துகொண்டது.

ஒரு தந்தியிலிருந்து எத்தனையோ குரல்கள் எழுந்தன. அடுத்த தந்தி அதில் கலந்தது, அடுத்தது, அதற்கடுத்தது. சத்தம் வாசலை நிறைத்தது, கூரையை நிறைத்தது. திண்ணையில் இருந்த பித்தளைச் சொம்பு தானாக முனகிற்று. ஆறு ஓடுகிற ஓசைகூட அதற்குள் போய் உட்கார்ந்துவிட்டது போலிருந்தது. செங்கமலத்தின் பாதத்திலிருந்து ஒரு நடுக்கம் புறப்பட்டு மேலே ஏறிற்று. எங்கே முடிகிறது தன் உடம்பு, எங்கே தொடங்குகிறது அந்த நாதம் என்று அவளுக்குத் தெரியவில்லை. கண்கள் தாமாக மூடிக்கொண்டன.

எவ்வளவு நேரமோ.

"டீச்சரம்மா" என்றாள், கண்ணைத் திறக்காமலே. "இதுதான் சாமியா? சொல்லிடுங்க. இனிமே நான் இதைக் கும்பிடலாமா, கூடாதா?"

தம்புரா நின்றது. கண்ணைத் திறந்தாள். மரகதம் அதைத் தூக்கி அவள் மடியில் நிறுத்தியிருந்தாள்.

"மீட்டுங்கக்கா."

செங்கமலம் கையை எடுக்கப் பார்த்தாள். வரவில்லை. அப்போதுதான் கவனித்தாள். அவளுடைய இரண்டு கைகளும் மார்புக்கு நேரே இறுகக் குவிந்திருந்தன.

குருவும் அந்தக் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கும்பிட்டுக்கிட்டே மீட்ட முடியாதுக்கா."